அம்புக்காரி திருத்திய கணக்கு

தையல் ஆலையில் அவளை எல்லோரும் அம்புக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளம் போடுகிற கிளார்க்குக்கு மட்டும் அவளுடைய நிஜப்பெயர் தெரியும். அவரும் வாய் திறந்து கூப்பிடும்போது அம்புக்காரி என்றே கூப்பிடுவார்.

தைத்து முடிந்த சட்டைகள் இஸ்திரிக்குப் போகும் முன் அவள் மேசைக்கு வரும். மேசையின் இடது பக்கத்துக் கம்பியில் எப்போதும் ஒரு சட்டை தொங்கும். சரக்கு வாங்குகிற கம்பெனி கையெழுத்துப் போட்டு அனுப்பிய சாம்பிள் அது. வருகிற சட்டையை அதோடு ஒத்துப் பார்த்து, எங்கே வித்தியாசம் தெரிகிறதோ அங்கே நகத்தளவு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிட வேண்டும். காலர் நுனி, பொத்தான் துளை, கை மடிப்பு என்று ஒவ்வொன்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். தைக்கிற பெண்களுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. "அவ புருஷனையே கொண்டுபோய் நிறுத்தினாலும் காதுகிட்ட ஒரு அம்பு ஒட்டித்தான் அனுப்புவா" என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். அது அவள் காதிலும் விழும். விழட்டும் என்று இருந்துவிடுவாள்.

பிறக்கும்போதே அவள் இப்படிப் பிறக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தையல்காரி சட்டைப் பையின் வாயில் சாம்பிளில் இருந்த ஒற்றைத் தையலுக்குப் பதிலாக இரட்டைத் தையல் போட்டிருந்தாள். பார்க்க அழகாகவும் இருந்தது, பை கிழியவும் கிழியாது. நம்மவளுக்கு மனசு குளிர்ந்துபோய் அந்த லாட் முழுவதையும் பாஸ் பண்ணிவிட்டாள். கம்பெனிக்காரன் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பினான். மேனேஜர் அவளைத் தளத்தின் நடுவில் அந்தச் சட்டையைக் கையில் தூக்கிப் பிடித்தபடி நிற்க வைத்தார். ஷிப்ட் முடியும் வரை நின்றாள். சாப்பிடப் போனவர்கள், கை கழுவி வந்தவர்கள், கழிவறைக்குப் போனவர்கள் எல்லோரும் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். "நல்லா இருக்கான்னு உன்னைக் கேட்டாங்களா? அதே மாதிரி இருக்கான்னுதானே கேட்டாங்க" என்று மேனேஜர் போகும்போதும் வரும்போதும் சொன்னார். அந்த வார்த்தை அவள் எலும்புக்குள் இறங்கிவிட்டது. ஆலைக்கு அது சரியான பாடம்தான். அதை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தாள் பாருங்கள், வினை அங்கேதான் பிடித்தது.

அவளுக்கு ஒரே மகள். பன்னிரண்டாம் வகுப்பு. கணக்கில் அந்தப் பெண்ணுக்கு எப்படியோ ஒரு கண் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் கிடையாது. அப்பா நகரப் பேருந்தில் கண்டக்டர். சில்லறையைத் தாண்டி அவருக்குக் கணக்கு ஓடாது. அம்மா எட்டாம் வகுப்போடு நின்றவள். பள்ளிக்கூடத்தில் நுண்கணிதம் ஆரம்பித்த நாளிலிருந்து மற்றப் பிள்ளைகள் முழி பிதுங்கிக்கொண்டிருக்க, இவள் மட்டும் கதைப் புத்தகம் படிக்கிற மாதிரி படித்தாள். வளைகோட்டுக்குக் கீழே எவ்வளவு பரப்பு, ஓடுகிற வண்டியின் வேகம் இந்த நொடியில் எவ்வளவு என்றெல்லாம் சாப்பிடும்போதே அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். அவரும் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டுவார்.

நுண்கணிதத் தாளில் எடுக்கிற மார்க்கை வைத்துத்தான் பொறியியல் கல்லூரியில் இடம். அம்புக்காரிக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஆலையில் பக்கத்து மேசை எப்போது காலியானாலும் சூப்பர்வைசர் வந்து, "உன் பொண்ணு பள்ளிக்கூடம் முடிச்சுட்டாளாக்கா? உன் கண்ணு அவளுக்கும் இருக்கும்ல" என்பான். நல்ல எண்ணத்தில்தான் கேட்பான். அவளோ, தன் மகள் அந்த மேசைக்கு வந்து நிற்பதைக் காட்டிலும் தான் செத்துப்போவது மேல் என்று நினைத்துக்கொள்வாள்.

காலாண்டுத் தேர்வில் மகள் நுண்கணிதத்தில் பாதி மார்க்தான் வாங்கினாள். அம்புக்காரி அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கணக்கு சார் முன்னால் நின்றாள். அவர் மெதுவாகப் பேசுகிறவர். சாக்பீஸ் தூள் படிந்த சட்டைக் கையை மடித்துக்கொண்டே பேப்பரைத் திருப்பிக் காட்டினார்.

"விடையெல்லாம் சரியாத்தான் இருக்கும்மா. வழி எழுதலை. பேப்பர் திருத்தறவர் இவ தலைக்குள்ள போய்ப் பார்க்க முடியுமா? சூத்திரத்துக்கு ஒரு மார்க், பிரதியிடறதுக்கு ஒரு மார்க், கடைசி விடைக்கு ஒரு மார்க்குன்னு பிரிச்சுதான் போடுவாங்க. இவ விடையை மட்டும் எழுதிட்டு வந்துடறா."

"அதான் தெரியுதே சார், எதுக்கு எழுதணும்?" என்றாள் மகள்.

"உனக்குத் தெரியுதுன்னு அவருக்குத் தெரியணும்ல" என்றார் சார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. பழைய கேள்வித்தாள்களும் அவற்றுக்குத் தேர்வுத் துறை வெளியிட்ட 'கீ' என்கிற விடைக்குறிப்பும் ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும், வாங்கிப் பார்த்துப் பழகட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

அன்றைக்குச் சாயங்காலமே அம்புக்காரி அதை ஸ்பைரல் போட்டு வாங்கி வந்தாள். ஒவ்வொரு கணக்கும் வரி வரியாகப் போடப்பட்டு, எந்த வரிக்கு எத்தனை மார்க் என்று வலது ஓரத்தில் அச்சடித்திருந்தது. அதைப் பிரித்துப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்துவிட்டது. கணக்கு அவளுக்குப் புரியவில்லை. ஆனால் கையில் இருப்பது என்னவென்று புரிந்தது. இது சாம்பிள்.

அதற்குப் பிறகு வீட்டில் தினமும் சாயங்காலம் ஷிப்ட் நடந்தது. மகள் ஒரு கேள்வித்தாளை எழுதிக் கொடுப்பாள். அம்மா கூடத்தில் குழல் விளக்குக்கு நேர் கீழே உட்கார்ந்து, இடது பக்கம் விடைக்குறிப்பையும் வலது பக்கம் மகளின் தாளையும் வைத்துக்கொண்டு ஒத்துப் பார்ப்பாள். தொகையீட்டுக் குறிக்கு அவள் வைத்த பெயர் கொக்கி. அந்தக் கொக்கிக்குப் பின்னால் கடைசியில் வருகிற இரண்டு எழுத்துக்குப் பெயர் வால். விடையின் ஓரத்தில் கூட்டல் போட்டு எழுத வேண்டிய மாறிலிக்குப் பெயர் பொத்தான். "கொக்கி இருக்கு, வால் எங்கடி?" என்பாள். "இங்க பொத்தான் விட்டுப்போச்சு" என்பாள். ஆலையிலிருந்து கொண்டுவந்த அம்புக்குறி ஸ்டிக்கர் ஒவ்வொரு குறைக்கும் ஒன்றாக விழும். ஆரம்பத்தில் மகளுக்கே சிரிப்பாக இருந்தது. "அம்மா, நீ நுண்கணிதத்துல டாக்டர் பட்டம் வாங்கிடுவ போலிருக்கு" என்று கேலி செய்தாள்.

பலனும் இல்லாமல் இல்லை. அடுத்த மாதத் தேர்வில் மார்க் ஏறியது. கணக்கு சாரே கூப்பிட்டுப் பாராட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு வேலையில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவர்களை நிறுத்துவது லேசான காரியமா என்ன.

சண்டை ஒரு அரைவட்டத்தில் வந்தது. ஒரு தொகையீட்டுக் கணக்கு. வர்க்கமூலத்துக்குள்ளே நாலிலிருந்து எக்ஸ் ஸ்கொயரைக் கழித்து ஒரு சமாசாரம். விடைக்குறிப்பில் அதை ஒரு பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். எக்ஸுக்குப் பதிலாக இரண்டு சைன் தீட்டா என்று வைத்து, எல்லைகளை மாற்றி, இரட்டைக் கோணச் சூத்திரம் போட்டு, சுற்றி வளைத்து இரண்டு பை என்று முடித்திருந்தார்கள். மகள் இரண்டே வரி எழுதியிருந்தாள். அந்த வளைகோட்டை வரைந்து பார்த்தால் ஆரம் இரண்டு உள்ள பாதி வட்டம். பாதி வட்டத்தின் பரப்பு ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே இரண்டு பை. ஓரத்தில் சின்னதாக ஒரு படமும் போட்டிருந்தாள். அதைப் போட்டபோது அவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பது அந்தப் படத்தைப் பார்த்தாலே தெரியும்.

அம்மா அந்த இரண்டு வரியைச் சுற்றி வரிசையாக அம்பு ஒட்டினாள். இல்லாத வரிகளுக்காக வெற்றுத் தாளிலும் ஒட்டினாள்.

"விடை சரிதானேம்மா."

"கடைசி வரிக்கு ஒரு மார்க். மீதி நாலும் போச்சு."

"நான் போட்டதுதாம்மா நல்ல வழி. அவங்க போட்டது சும்மா தலையைச் சுத்தி மூக்கைத் தொடுறது."

"நல்லா இருக்கான்னு உன்னை யாராவது கேட்டாங்களாடி?" என்றாள் அம்புக்காரி. எங்கே கேட்ட வார்த்தை என்று அவளுக்கே அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

கண்டக்டர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே நடுவில் புகுந்தார். "ஏண்டி, பாலம் வழியா போனாலும் மார்க்கெட் வழியா போனாலும் கடைசி ஸ்டாப்பு ஒண்ணுதான். பாப்பா வந்து இறங்கிட்டாள்ல, விடேன்."

"மார்க்கெட் வழியா வண்டியைத் திருப்பிப் பாருங்க, உங்க வேலை இருக்கான்னு தெரியும்" என்றாள் அவள். அவர் வாயை மூடிக்கொண்டார். இருபது வருஷமாக அவர் கற்ற வித்தை அது.

மகள் மறுநாள் கணக்கு சாரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். சார் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்த இரண்டு வரியைப் பார்த்துவிட்டு அவர் முகத்தில் வந்த சிரிப்பு அம்புக்காரிக்குப் பிடிக்கவில்லை.

"இது முழு மார்க் பதில்மா. 'இது ஆரம் இரண்டு கொண்ட வட்டத்தின் மேல்பாதி'ன்னு காரணத்தை ஒரே ஒரு வரி சேர்த்துக்கட்டும், போதும். விடைக்குறிப்போட முதல் பக்கத்துலயே போட்டிருக்கு பாருங்க. சரியான வேறு முறைகளுக்கும் முழு மதிப்பெண் வழங்கவும்னு."

அவள் அதைப் படித்தாள். நிதானமாக இரண்டு தடவை படித்தாள்.

"எங்க ஆலைக்கு வர்ற பேப்பர்லயும் இப்படி ஒரு வரி இருக்கும் சார். தரத்தைக் கூட்டும் மாற்றங்கள் வரவேற்கப்படும்னு. அதை நம்பினவ நான். அப்புறம் என்னை நடுவுல நிக்க வச்சது அந்த வரி இல்லை, ஆளுங்க."

"இது ஆலை இல்லைம்மா."

"திருத்தறவங்க உங்களை மாதிரி சிரிச்சுக்கிட்டே திருத்துவாங்களா சார்? கட்டுக் கட்டா வரும். கை வலிக்கும், கண்ணு எரியும். பக்கத்துல சாம்பிள் இருக்கும். அதே மாதிரி இருந்தா டிக், இல்லைன்னா அடி. நான் பண்ற வேலை சார் அது. எனக்குத் தெரியும்."

அவள் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருந்து தொலைத்தது. அவர் யோசித்துப் பேசுவதற்குள் அவள் எழுந்து கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் மகள் மறுபடியும் இரண்டு வரியில் ஒரு கணக்கைப் போட்டு, சார் சொன்ன மாதிரி காரணமும் எழுதி நீட்டினாள். அம்புக்காரி தாளைப் பார்க்கவே இல்லை. ஸ்டிக்கர் சுருளிலிருந்து ஒரு அம்பை உரித்து மகளின் நெற்றியில் ஒட்டினாள்.

"குறை எங்க இருக்கோ அங்கதான் ஒட்டணும். எடுத்தேன்னா கையை உடைப்பேன்."

மகள் எடுக்கவில்லை. அழவும் இல்லை. அதோடு பாத்திரம் கழுவினாள், அதோடு வாசலுக்குப் போய்த் தண்ணீர் பிடித்தாள். குழாயடியில் நின்றவர்கள் என்ன இது என்று கேட்டார்கள். கணக்கு தப்பாகப் போட்டுவிட்டேன் என்றாள். டூட்டி முடிந்து வந்த அப்பாதான் அவள் முகத்தை நிமிர்த்தி, எச்சில் தொட்டு நனைத்து, வலிக்காமல் உரித்து எடுத்தார். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அந்த மனுஷனின் சாதுத்தனத்தால் அந்த வீட்டில் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கத் தோன்றுகிறது.

அந்த நாளுக்குப் பிறகு மகள் வழிக்கு வந்துவிட்டாள். வழிக்கு என்றால் அச்சடித்த வழிக்கு. இடது ஓரத்தில் எத்தனை விரல் இடம் விட வேண்டும், 'தீர்வு' என்று எழுதி எப்படி அடிக்கோடு போட வேண்டும், எந்த வரிக்கு அடுத்து எந்த வரி என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழாகப் பாடமாகிவிட்டது. ஓரத்துப் படங்கள் நின்றுபோயின. சாப்பிடும்போது வண்டியின் வேகத்தைப் பற்றிப் பேசுவதும் நின்றது. "என்ன பாப்பா, இன்னிக்கு வளைகோட்டுக்குக் கீழ எவ்வளவு இடம் கெடைச்சுது?" என்று அப்பா கேட்டால், "அது மூணு மார்க் கேள்விப்பா" என்பாள். அம்புகள் குறைந்துகொண்டே வந்து ஒரு நாள் ஒன்றுகூட இல்லாமல் தாள் திரும்பி வந்தது. மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அம்மா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு அந்த வீட்டில் இரண்டு பேருமே சந்தோஷமாக இருந்தார்கள்.

வகுப்பில் ஒரு நாள் கணக்கு சார் ஒரு பெரிய கணக்கை எடுத்து, யாருக்கு எப்படித் தோன்றுகிறது என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. அவர் வழக்கம்போல் இவளைத்தான் பார்த்தார். கடைசியில் அவரே அழகான குறுக்குவழி ஒன்றைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். ஆறு மாதத்துக்கு முன்னால் என்றால் பெஞ்சிலிருந்து எழுந்தே நின்றிருப்பாள்.

"இது கீயில இருக்கா சார்?" என்று கேட்டாள்.

"இல்லை. ஆனா எவ்வளவு நல்லா இருக்கு பாரு."

"அப்போ அழிச்சிடுங்க சார். குழம்பிடும்" என்றாள். பின்னால் இருந்தவர்கள் அவள் சொன்னதுதான் சரி என்றார்கள். சார் கொஞ்ச நேரம் டஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, அழித்தார்.

தேர்வு நாளன்று அம்புக்காரி லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றாள். மணி அடித்துப் பிள்ளைகள் வந்தார்கள். கேள்வித்தாள் இந்தத் தடவை புது மாதிரி, எல்லாம் யோசிக்க வைக்கிற கேள்வி என்று ஆளாளுக்குப் புலம்பிக்கொண்டு போனார்கள். மகள் கடைசியில் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அந்த அரைவட்டம் மாதிரி ஒண்ணு வந்துச்சும்மா. ஆனா உள்ள இருக்கறது வேற. பார்த்த உடனே தெரிஞ்சிருச்சு, வட்டம் கொஞ்சம் வலது பக்கம் நகர்ந்திருக்கு, அவ்வளவுதான். ரெண்டு வரில போட்டுட்டேன்."

அம்புக்காரி அவள் தோளைப் பிடித்தாள். "அப்புறம்?"

"அப்புறம் பயந்துட்டேன். ஸ்கேல் வச்சு அடிச்சுட்டு, கீயில இருக்கற மாதிரி எக்ஸுக்கு ரெண்டு சைன் தீட்டா போட்டு ஆரம்பிச்சேன்."

"நல்ல வேளை" என்றாள் அம்மா. நடுரோடு என்றும் பார்க்காமல் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "என் வயித்துல பாலை வார்த்த. முடிச்சியா?"

"முடியலைம்மா. போகப் போகச் சிக்கிக்கிச்சு. முக்கால்வாசிக் கணக்கு அப்படித்தான். முதல்ல என்னமோ தோணுச்சு, எழுதினேன். எல்லாத்தையும் அடிச்சுட்டு கீ மாதிரி ஆரம்பிச்சேன். மணி அடிச்சுட்டாங்க."

"முடிக்கலைன்னா என்ன? ஸ்டெப்புக்கு மார்க் உண்டு. சாம்பிள் மாதிரி ஆரம்பிச்சேல்ல, அது போதும்."

மறுநாள் ஆலையில் சூப்பர்வைசர் வழக்கம்போல் பக்கத்து மேசையைப் பற்றிக் கேட்டபோது, "அந்த மேசைக்கு வேற ஆளைப் பாருங்க தம்பி. என் பொண்ணு இந்தக் கேட்டுக்குள்ளயே வரமாட்டா" என்று தளம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். அந்தக் கோடை விடுமுறை முழுவதும் அவள் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தாள்.

முடிவு வந்தது. மற்ற எல்லாவற்றிலும் தேறியிருந்தாள். நுண்கணிதத்தில் பெயில்.

அம்புக்காரி அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை. மகளைச் சுவரோரம் நிற்க வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இத்தனை மாசம் கண்ணு அவிஞ்சுபோற மாதிரி உட்கார்ந்து பார்த்தேனே. அங்க போய் என்னடி எழுதிட்டு வந்த?"

"நீ சொன்ன மாதிரிதாம்மா எழுதினேன்."

"சொன்ன மாதிரி எழுதினா எப்படிப் பெயிலாகும்? உனக்கு மூளைன்னு ஒண்ணு இருந்ததே இல்லைடி. நான்தான் இருக்குன்னு ஏமாந்துட்டேன்."

"ஆமாம்மா" என்றாள் மகள். எதிர்த்துப் பேசுகிற குரல் அது இல்லை. அம்மா சரிபார்த்துச் சொல்லிவிட்டாள், அதனால் ஒத்துக்கொண்டாள்.

சாம்பிள் மாதிரி எழுதியதற்கு மார்க் போடாத கயவன் யார் என்று கேட்க அம்புக்காரி மகளை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். கணக்கு சார் மேசைமேல் கேள்வித்தாளை விரித்துவைத்து, ஒவ்வொரு கணக்குக்கும் என்ன எழுதினாய் என்று மகளிடம் கேட்டார். அவள் முதலில் அடித்ததைச் சொன்னாள், பிறகு அதற்குக் கீழே எழுதியதைச் சொன்னாள். சார் கேட்கக் கேட்கப் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"அடிச்சதெல்லாம் சரிம்மா" என்றார் அம்புக்காரியைப் பார்த்து. "ஒண்ணு விடாம சரி. அப்படியே விட்டிருந்தா இந்தப் பள்ளிக்கூடத்துலயே முதல் மார்க் இவதான். அடிச்சுட்டா அதை யாரும் படிக்க மாட்டாங்க. கீழ எழுதினது இந்தக் கேள்விக்கே பொருந்தாது. வேற கேள்விக்கு உள்ள பதில் அது. அதுக்கு எப்படி ஸ்டெப் மார்க் போடுவாங்க?"

"கீ மாதிரிதானே சார் இருக்கு?"

"கேள்வி கீ மாதிரி இல்லையேம்மா." அவருக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "என் சர்வீஸ்ல இப்படி ஒரு பொண்ணை நான் பார்த்ததில்லை. அவளை அவ கையாலயே அடிக்க வச்சு அனுப்பிட்டீங்க."

நல்ல வேளை என்று சொல்லி நடுரோட்டில் மகளை அணைத்துக்கொண்டது அம்புக்காரிக்கு ஞாபகம் வந்தது. உட்கார்ந்திருந்த நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் கழித்து சாருக்கே பாவமாகப் போய்விட்டது. துணைத்தேர்வு இருக்கிறது, இந்தத் தடவை அவளை அவள் போக்கில் விடுங்கள் என்று சொல்லி, பின்னால் விடை எதுவும் இல்லாத பழைய கணக்குப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்.

வீட்டில் கண்டக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவரும் கொடுமையாகப் பேசினார். "உன் மேசையில எத்தனை சட்டையைப் பிரிச்சுத் திரும்பத் தச்சிருப்பீங்க. இவளை எங்க பிரிப்ப?"

அந்த ஸ்பைரல் புத்தகத்தை அவள் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாள். மறுநாள் ஆலையிலிருந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல், சார் கொடுத்த புத்தகத்தைக் கூடத்தில் பிரித்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கணக்கைத் தொட்டாள்.

"இதைப் போடும்மா" என்றாள். 'டி' போடாமல் அவள் மகளிடம் பேசி எத்தனையோ நாளாயிற்று. "உனக்கு எப்படித் தோணுதோ அப்படிப் போடு. ரெண்டு வரில போட்டாலும் சரி, படம் போட்டாலும் சரி. அம்மா ஒண்ணும் சொல்லமாட்டேன்."

மகள் உடனே உட்கார்ந்தாள். இடது ஓரத்தில் கோடு கிழித்தாள். கேள்வி எண் போட்டாள். 'தீர்வு' என்று எழுதி ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டாள். அதற்குப் பிறகு பேனா நகரவில்லை.

"என்னம்மா?"

"கீ எங்கம்மா?"

"கீ இல்லை. தூக்கிப் போட்டாச்சு. இனிமே உன் வழிதான்."

மகள் கணக்கைக் குனிந்து பார்த்தாள். ஏதாவது தெரிகிறதா என்று அம்மா அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் ஒரு கணக்கைப் பார்த்தவுடனே அந்தக் கண்ணில் ஏதோ ஓடும். இப்போது பாடம் ஒப்பிக்கிற பிள்ளையின் கண் மாதிரி அது மேலேயும் கீழேயும் போய்வந்தது, அவ்வளவுதான். நிஜமாகவே தேடித்தான் பார்த்தாள், பாவம். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

"என் வழின்னா எதும்மா?" என்றாள்.

"முதல்ல தோணும்ல. அதைப் போடு. எதுன்னாலும் போடு."

மகள் தலை நிமிர்ந்தாள். குரலில் கேலியும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்கிற மரியாதைதான் இருந்தது.

"எதையாவது போட்டா, அது சரியா தப்பான்னு நீ எதை வச்சும்மா பார்ப்ப?"

அம்புக்காரி புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். அதிலிருந்த கேள்வியில் ஒரு குறிக்குக்கூட என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாது. மகள் பேனாவை மூடி வைத்துவிட்டு, அம்மா சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.